கையறியாமை: தடுமாறுகிறவர்களுக்கு வைத்த பெயர்கள்

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கும், வசைச்சொற்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நான் சொன்னபோது முகம் சுளிக்காமல் இசைந்த துறையினருக்கும் என் நன்றி.

கை திருந்தாதவர், கால் இடறுகிறவர், நாலு பேர் நடுவில் விழிக்கிறவர், சொன்னது விளங்காமல் நிற்கிறவர் ஆகியோரைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் ஐந்தைப் பொறுக்கி எடுத்து ஐந்து மனிதர்களுக்குப் பெயராகச் சூட்டியவர் ஓர் அகராதி ஆசிரியர். 1680இல் இத்தாலியில் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வந்து, வீரமாமுனிவர் என்று பெயர் பெற்ற கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கிதான் அவர். 1732இல் சதுரகராதியைத் தொகுத்து, தமிழ்ச் சொற்களை அகர வரிசையில் தேடும் வழியைக் காட்டியவர். பரமார்த்த குருவின் கதையை எழுதியவரும் அவரே. குருவின் சீடர்கள் ஐவர்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். சிறு வயதில் இந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிக்கும் கதைக்குள் போய்விடுகிறோம். சொற்களை நாள்தோறும் நிறுத்துப் பார்த்த ஒருவர் வைத்த பெயர்கள் இவை என்பதை மறந்துவிடுகிறோம். ஐந்தையும் நாம் ஒரே பொருளில் வழங்குகிறோம். ஆனால் அவை புறப்பட்ட இடங்கள் ஐந்து.

இந்தச் சொற்களின் அடியைத் தேடிப் போகும்போது திரும்பத் திரும்ப ஒன்றைக் காண்கிறேன். இவற்றில் பெரும்பாலானவை மனிதனின் பெயராகப் பிறக்கவில்லை, ஒரு நிலையின் பெயராகப் பிறந்தன. மயக்கம், குளிர், இளமை, முனை மழுங்குதல், வேலை முடியாதிருத்தல் என்று வந்துபோகிற நிலைகள். அந்தச் சொற்களோடு ‘அன்’ விகுதியைச் சேர்த்து ஒரு மனிதன் மேல் ஆயுள் முழுவதும் ஒட்டி வைத்தது பின்னால் நடந்தது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான்.

பேதையிலிருந்து தொடங்குகிறேன். பேதுறுதல் என்றால் மயங்குதல், மனம் கலங்குதல். பேதையும் அந்தக் குடும்பத்துச் சொல்தான். திருக்குறளில் பேதைமை 84ஆவது அதிகாரம், அடுத்ததாக நிற்பது புல்லறிவாண்மை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததிலேயே வள்ளுவரின் நுட்பம் தெரிகிறது. அறியாமல் தடுமாறுவது ஒன்று, அறியாமலே அறிந்தவனாக நினைத்துக்கொள்வது இன்னொன்று. பேதைமைக்கு அவர் தரும் விளக்கம் ஏறக்குறைய ஒரு கையின் செயலாக இருக்கிறது: கேடு தருவதைப் பற்றிக்கொண்டு, ஊதியம் தருவதை நழுவவிடுவது. அதே அதிகாரத்தில், கையறியாத பேதை ஒரு வேலையை மேற்கொண்டால் வேலையும் கெடும், அவனும் விலங்கு பூணுவான் என்கிறார். இங்கே கை என்பதற்குச் செய்யும் முறை என்று உரையாசிரியர்கள் பொருள் கொள்கிறார்கள். இன்றைய உரையின் தலைப்பை அங்கிருந்துதான் எடுத்தேன். கையும் முறையும் ஒரே சொல்லாக இருந்த மொழி இது.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இந்த நான்கையும் நாம் சேர்த்துப் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். எள்ளல் தனியாக நிற்பதைக் கவனியுங்கள். பேதைமையைக் கண்டு வரும் சிரிப்பு எள்ளலாகத்தான் இருக்க வேண்டும் என்று தொல்காப்பியர் கருதியிருந்தால் இரண்டையும் பிரித்திருக்க வேண்டியதில்லை. அதுவும் பேதைமைக்கு முன்னால் இளமையை வைக்கிறார். தளர்நடை போடும் குழந்தை பொத்தென்று உட்காரும்போது வீடே சிரிக்கிறது. அந்தச் சிரிப்பில் இழிவு இல்லை. தடுமாற்றத்தைப் பார்த்து வெறுப்பில்லாமல் சிரிக்க முடியும் என்பதை நம் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே பதிவு செய்திருக்கிறது.

நான்காவதாக வரும் மடன் இன்னும் சுவையானது. பேதைமைக்கும் மடத்துக்கும் என்ன வேறுபாடு? ஒருவர் கொளுத்தியதை, அதாவது கற்பித்ததை, ஏற்றுக்கொண்டு பிறகு அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதே மடம் என்பது உரையாசிரியர்கள் வழி வந்த விளக்கம். அறிவே நுழையாத நிலை அன்று அது. நுழைந்த ஒன்று அசையாமல் உட்கார்ந்துகொண்ட நிலை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பரமார்த்த குருவிடம் வாருங்கள். குரு குதிரைமேல் போகிறார். அவருடைய தலைப்பாகை விழுகிறது. சீடர்கள் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லவில்லையே. விழுவதையெல்லாம் எடுக்க வேண்டும் என்கிறார் குரு. அடுத்துக் குதிரை போட்ட லத்தியை ஏந்திக்கொண்டு வருகிறார்கள். பொறுக்க மாட்டாமல், எதையெதை எடுக்க வேண்டும் என்று குரு ஓலையில் எழுதிக் கொடுக்கிறார். பிறகு குருவே விழுந்துவிடுகிறார். சீடர்கள் ஓலையைப் படித்து, அதில் கண்ட பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். குருவின் பெயர் ஓலையில் இல்லை. அவர் கிடந்த இடத்திலேயே கிடக்கிறார். கொளுத்தக் கொண்டு கொண்டதை விடாத மடத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் எந்த உரையிலும் காணவில்லை. மடமை என்பதன் பழைய பொருளைப் பெஸ்கி ஆழமாக உள்வாங்கியிருந்தாரோ என்று இந்தக் கதை எண்ண வைக்கிறது. 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் இதை ஆங்கிலத்தில் பெயர்த்து லண்டனில் வெளியிட்டார்.

சீடர்கள் தங்களை எண்ணும்போது எண்ணுகிறவனை விட்டுவிட்டு எண்ணி, ஒருவன் ஆற்றில் போய்விட்டான் என்று அழும் இடத்தையும் சொல்ல வேண்டும். இதே கதை இங்கிலாந்தில் கோத்தம் ஊர்க்காரர்களைப் பற்றி வழங்குகிறது. நம் நாட்டு வேதாந்திகளோ இதை எடுத்து, பத்தாவது ஆள் நீதான் என்று ஆன்மாவைச் சுட்டிக்காட்டப் பயன்படுத்தினார்கள். வித்யாரண்யரின் பஞ்சதசியில் அது இருக்கிறது. தன்னைத் தான் காணாதிருப்பது முட்டாளுக்கு மட்டும் உரியதன்று என்று அந்த ஞானிகளுக்குத் தெரிந்திருந்தது.

மடம் என்ற சொல்லுக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆணிடம் இருந்தால் மடமை, பெண்ணிடம் இருந்தால் அணி. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்கு வகுத்த நான்கில் இரண்டாவதாக அது நிற்கிறது. பருவப் பெயர்களிலும் இப்படித்தான். ஐந்து முதல் ஏழு வயதுப் பெண் பேதை, பதின்மத்தில் இருப்பவள் மடந்தை. வடமொழியிலும் இதே கதை நடந்திருக்கிறது. ‘முஹ்’ என்ற வேருக்கு மயங்குதல் என்று பொருள். மோகம், மோகினி எல்லாம் அதிலிருந்து வந்தவை. அதே வேரிலிருந்து மூடன் பிறந்தான், அதே வேரிலிருந்து முக்தையும் பிறந்தாள். முக்தை என்றால் ஒன்றும் அறியாத, அதனாலேயே அழகான இளம்பெண். தம்பி ஏச்சு வாங்குகிறான், அக்கா பாராட்டு வாங்குகிறாள், இருவரிடமும் இருப்பது அறியாமைதான். இதை மொழியின் அழகு என்று சொல்லிக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. அறியாமையை ஆணிடம் குறையாகப் பார்த்தவர்கள் அதைப் போக்கப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பெண்ணிடம் அழகாகப் பார்த்தவர்கள் அதைக் காப்பாற்றி வைத்தார்கள். ஏச்சைவிடப் பாராட்டு அதிகம் கெடுத்த இடம் இது.

மடையன் என்ற சொல்லைப் பற்றி அண்மைக்காலமாக ஒரு செய்தி கைப்பேசிகளில் சுற்றுகிறது. வெள்ளம் வரும்போது உயிரைத் துச்சமாக எண்ணி ஏரிக்குள் மூழ்கி மடையைத் திறந்தவனே மடையன், அந்த வீரனின் பெயரைத்தான் நாம் வசையாக்கிவிட்டோம் என்கிறார்கள். முட்டாள் என்பவன் தேருக்கு முட்டுக்கட்டை போடும் ஆள் என்று இன்னொன்று. இவற்றைப் பரப்புகிறவர்களின் நல்லெண்ணம் எனக்குப் புரிகிறது. உழைக்கிறவனை இழிவுபடுத்தக் கூடாது என்ற அக்கறை அது. ஆனாலும் சொல்லாராய்ச்சிக்கு நல்லெண்ணம் போதாது, வழக்குச் சான்று வேண்டும். பழைய தமிழில் மடையன் என்று ஒருவன் உண்மையாகவே இருந்தான். அவன் சமையற்காரன். மடை என்றால் சோறு, படையல். கோயில்களில் இன்றும் மடைப்பள்ளி இருக்கிறது. அறிவில்லாத மடையன் வேறு, மடமையிலிருந்து வந்தவன். இரண்டும் ஒலியில் ஒன்றாகிவிட்டதால் சமையற்காரன் தன் பெயரை இழந்தான். இன்று மடைப்பள்ளியில் வேலை செய்பவரைப் பார்த்து யாரும் அந்தச் சொல்லைச் சொல்லத் துணிய மாட்டார்கள்.

மூடனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய சொல் சடம். வடமொழியில் ‘ஜட’ என்பதற்குக் குளிர்ந்தது, விறைத்தது, உணர்விழந்தது என்பவையும் பொருள்கள், அறிவு மந்தமானது என்பதும் பொருள். இதைப் படித்தபோது எனக்கு ஆங்கிலத்தின் ‘கிளம்ஸி’ நினைவுக்கு வந்தது. அதன் பழைய வடிவத்துக்குக் குளிரில் விரல் மரத்துப்போதல் என்று பொருள். ஸ்காண்டிநேவியப் பகுதியிலிருந்து இங்கிலாந்துக்குப் போன சொல் அது. பனிக்காலத்தில் வலையையோ கயிற்றையோ பிடிக்க முடியாமல் நழுவவிட்ட விரல்களை நினைத்துக்கொள்ளுங்கள். நெருப்பருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் அந்த விரல்கள் மீண்டும் வேலை செய்யும். கிளம்ஸி முதலில் அப்படித் தீர்ந்துபோகிற ஒன்றாக இருந்தது. தமிழிலும் உணர்வில்லாத கையை மரத்துப்போன கை என்கிறோம். அந்த வினையைச் சொல்லும்போதே மரம் கண்முன் வந்துவிடுகிறது.

மரத்திலிருந்து வந்த வசைகளுக்கோ கணக்கில்லை. மரமண்டை, கட்டை, ஜடம்போல நிற்கிறான் என்பவை ஒருபுறம் இருக்க, நம் பாட்டிமார் வாயில் வந்த ‘உலக்கைக் கொழுந்து, குந்தாணி வேர்’ என்ற தொடருக்கு நிகரானதை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. உலக்கை செத்த மரம். அதில் கொழுந்து விட்டிருக்கிறது என்கிறார்கள். குந்தாணிக்கு வேர் இறங்கியிருக்கிறதாம். வளரவே வாய்ப்பில்லாத ஒன்றில் வளர்ச்சியைக் கற்பித்துத் திட்டுவதற்கு எத்தனை கற்பனை வேண்டும்! யூதர்களின் இத்திஷ் மொழியில் கையிலிருப்பதையெல்லாம் கீழே போடுகிறவனை ‘கிளட்ஸ்’ என்பார்கள். ஜெர்மன் மொழியில் மரக்கட்டையைக் குறிக்கும் ‘க்ளோட்ஸ்’ என்ற சொல்லே அதற்கு அடி. அந்தச் சொல் அமெரிக்க நகரங்களுக்குக் குடியேறியவர்களோடு போய் ஆங்கிலமாகிவிட்டது. செதுக்காத மரத்தைப் பார்த்ததும் செதுக்காத மனிதனை நினைப்பது ஊர்தோறும் நடந்திருக்கிறது.

மிலேச்சன் கைகால் தடுமாற்றத்தைச் சேர்ந்தவன் அல்லன், நாவின் தடுமாற்றத்தைச் சேர்ந்தவன். பாணினியின் தாதுபாடம் ‘ம்லேச்’ என்ற வேருக்குத் தெளிவில்லாத ஒலி என்று பொருள் சொல்கிறது. கிரேக்கர்கள் தங்களுக்குப் புரியாத மொழி பேசியவர்களை ‘பார்பரோஸ்’ என்றது போல, வேதமொழிக்காரர்கள் மற்றவர்களின் பேச்சைக் குழறல் என்றார்கள். நப்பூதனாரின் முல்லைப்பாட்டில், பாசறையில் அரசனுக்குப் பக்கத்தில் மிலேச்சர் காவல் நிற்கிறார்கள். நாவால் பேசாமல் உடம்பால் பேசுகிறவர்கள் என்று புலவர் அவர்களைக் காட்டுகிறார். மொழி தெரியாத வேற்று நாட்டுக் காவலர்கள், கையாலும் முகத்தாலும் சைகை செய்கிறார்கள். அங்கே இகழ்ச்சி இல்லை, கூர்ந்து பார்த்த கண் இருக்கிறது. அரசன் தன் பக்கத்துக் காவலையே அவர்களை நம்பித்தான் விட்டிருந்தான். இத்தாலியில் பிறந்து, வேற்று மொழி நாவோடு வந்து, தமிழில் காப்பியம் செய்யும் அளவுக்கு நாவைத் திருத்திக்கொண்ட ஒருவர் தன் கதையின் சீடர்களில் ஒருவனுக்கு இந்தப் பெயரை வைத்திருக்கிறார். கொன்னை வாய், தெத்துவாய், உளறுவாய் என்று நாமும் பல பெயர் வைத்திருக்கிறோம். குழந்தையின் வாயில் இருக்கும்வரைதான் அது மழலை.

ஐவரில் மட்டிதான் நம் பொருளுக்கு மிக நெருங்கியவன். மட்டிவேலை என்றால் செப்பம் இல்லாத முரட்டு வேலை. முதலில் பொருளுக்குச் சொன்னது பிறகு செய்தவனுக்குப் போயிற்று. கருவிகளிலிருந்து வந்த சொற்களும் இப்படித்தான். மொக்கை என்பது முனை மழுங்கியது, மொக்கைக் கத்தி என்கிறோம். இன்றைய இளைஞர்கள் சுவையில்லாத பேச்சை மொக்கை என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அறிவு மந்தமானவரை மொக்கு என்பார்கள், பேயன் என்றும் சொல்வார்கள். மந்தம் என்ற வடசொல் மெதுவையும் குறிக்கும், மழுங்கலையும் குறிக்கும். சனிக்கோளுக்கு மந்தன் என்று பெயர் வைத்தவர்கள் வசை பாடவில்லை, வானத்தைப் பார்த்துச் சொன்னார்கள். சூரியனைச் சுற்றிவர அதற்கு ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகின்றன. அரைவேக்காடு, மரை கழன்றவன், அதன் ஆங்கில உறவான லூசு ஆகியவற்றுக்கு விளக்கம் வேண்டியதில்லை. அவை எல்லாமே சரிசெய்யக்கூடிய குறைகள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வேகாததை வேகவைக்கலாம், கழன்றதை முடுக்கலாம், மழுங்கியதைச் சாணை பிடிக்கலாம்.

இனிக் கைக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

தமிழில் திறமைக்கு ‘வல்’ என்பது அடி. வல்லவன், வல்லமை, வலிமை எல்லாம் அதன் கிளைகள். வலம் என்ற சொல்லும் அந்த மரத்தில்தான் காய்க்கிறது. வெற்றி, ஆற்றல், வலப்பக்கம் மூன்றும் அதற்குப் பொருள். வலக்கை என்றாலே வல்ல கை. வடமொழியிலும் ‘தக்ஷ’ என்றால் திறமையுள்ள, ‘தக்ஷிண’ என்றால் வலப்பக்கம். இலத்தீனில் ‘டெக்ஸ்டர்’ என்பது வலம், ஆங்கிலத்தில் கைத்திறனைச் சொல்லும் சொல் அதிலிருந்து வந்தது. இடப்பக்கத்துக்கு என்ன கிடைத்தது? பிரெஞ்சில் இடதைக் குறிக்கும் ‘கோஷ்’ என்ற சொல்தான் ஆங்கிலத்தில் சபையில் நடந்துகொள்ளத் தெரியாதவனைக் குறிக்கிறது. ஆங்கிலத்தின் ‘லெஃப்ட்’ பழைய வடிவத்தில் வலுவில்லாதது என்று பொருள்பட்டது. ‘ஆக்வர்ட்’ என்ற சொல்லின் முற்பகுதிக்குப் பின்புறமாகத் திரும்பியது, புறங்கையால் செய்தது என்று பொருள். தமிழில் சோற்றுக்கை ஒன்று, பீச்சாங்கை இன்னொன்று. நொட்டாங்கை என்றும் சொல்வதுண்டு. ஒரு கைக்கு உணவின் பெயரையும் மற்றதற்கு அழுக்கின் பெயரையும் வைத்துவிட்டோம்.

மனிதர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். அவர்கள் கைகளில் குறை எதுவும் இல்லை. கத்தரிக்கோலின் இரண்டு அலகும் வலக்கையின் தள்ளலில் ஒன்றோடொன்று நெருங்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. இடக்கையில் பிடித்தால் அதே தள்ளல் அலகுகளை விலக்குகிறது, துணி மடங்குகிறது. இடமிருந்து வலமாகப் போகும் நம் எழுத்தை இடக்கையால் எழுதினால், எழுதிய வரியின் மேலேயே கை நகர்ந்து மை இழுபடுகிறது. எழுதுபலகை பொருத்திய நாற்காலிகளில் பெரும்பாலும் பலகை வலப்புறம்தான். கருவியும் மேசையும் ஒரு பக்கம் சாய்த்துச் செய்யப்பட்டிருக்க, கெட்ட பெயர் கைக்கு வந்து சேர்கிறது. சோற்றுக்கு இடக்கையை நீட்டிய குழந்தையின் கையில் அடித்த வீடுகள் நம்மிடம் எத்தனை என்பதை இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் அறிவீர்கள். அந்த அடி ஒரு பழக்கத்தை மாற்றியதோ இல்லையோ, கைகளில் தயக்கத்தை விதைத்தது.

தூத்துக்குடிக் கடலில் எடுக்கும் சங்குகளில் எப்போதாவது ஒன்று மற்றவற்றுக்கு எதிர்ப்புறமாகச் சுழித்திருக்கும். அதை வலம்புரி என்று சொல்லிப் பூசையறையில் வைக்கிறோம். விலங்கியலார் சங்கைப் பிடித்துப் பார்க்கும் முறை வேறு. அவர்கள் கணக்கில் அதுதான் இடப்புறம் சுழித்த சங்கு. அரிதாகப் பிறந்த சங்குக்கு இத்தனை மதிப்புத் தரத் தெரிந்த நமக்கு, அரிதாகப் பிறந்த கைக்கும் ஒரு நல்ல பெயர் வைத்திருக்க முடியும்.

கையாலாகாதவன் என்ற சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடுகிறேன். கையால் ஆகாது என்பது ஒரு குறிப்பிட்ட வேலையைப் பற்றிய கூற்று. அது ஒரு முழு மனிதனைப் பற்றிய தீர்ப்பானது எவ்வளவு கொடியது! புறநானூற்றில் கையறுநிலை என்ற துறை இருக்கிறது. அன்புக்குரிய தலைவன் இறந்துபட்ட நிலையில், செய்வதறியாது நிற்கிறவர்கள் பாடுவது. அங்கே கை செயலற்றுப்போவது துயரத்தின் மிகுதி. பாரியையும் அதியமானையும் இழந்தவர்களின் கைகள் அப்படி நின்றன. அந்தத் தடுமாற்றத்துக்குத் தமிழ் இலக்கணம் தனி இடமே ஒதுக்கித் தந்தது.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த உரை முடியாது. எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் சட்டைப் பொத்தானைப் போட முடியாத, பந்தைப் பிடிக்க முடியாத, எழுத்து கோட்டுக்கு வெளியே ஓடுகிற குழந்தைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அறிவில் அவர்களுக்குக் குறையில்லை. மேற்கத்திய மருத்துவ நூல்களே நெடுநாள் இவர்களை ‘கிளம்ஸி’ குழந்தைகள் என்றுதான் எழுதின. அந்தச் சொல்லையே தலைப்பில் தாங்கி 1975இல் ஒரு மருத்துவ நூல் வந்தது. 1987இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதை வளர்ச்சி சார்ந்த இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு என்ற பெயரில் சேர்த்துக்கொண்டது. அதன் பிந்தைய பதிப்பின்படி, 5 முதல் 11 வயதுவரை உள்ள குழந்தைகளில் 5 முதல் 6 விழுக்காட்டினருக்கு இது இருக்கிறது. 50 பேர் உள்ள வகுப்பில் இரண்டு மூன்று பேர். வசை நோய்ப்பெயராகி, பிறகு வசை நீங்கிய பெயராக மாறுவதற்கு ஒரு தலைமுறை ஆயிற்று. நம் வகுப்பறைகளிலோ இந்தக் குழந்தைகள் இன்னமும் எருமை, தண்டம், விளங்காதது என்ற பெயர்களில்தான் இருக்கிறார்கள். ஆசிரியர் பணியில் இருப்பவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் இதைச் சொல்லும் வாய்ப்புக்காகவே இந்தத் தலைப்பை எடுத்தேன் என்றாலும் மிகையில்லை.

சப்பாணி என்று ஒரு சொல் உண்டு. பிள்ளைத்தமிழில் சப்பாணி நான்காம் பருவம். குழந்தை இரண்டு கையையும் சேர்த்துக் கொட்டுகிற பருவம். எந்தத் தெய்வத்தைப் பாடினாலும் புலவர்கள் அந்தக் கைகளைக் கொட்டச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள். அதே வடிவம் கொண்ட இன்னொரு சொல், நடக்க முடியாமல் தவழ்கிறவரையும் கால் இழுத்து நடப்பவரையும் சுடுகிறது. 1977இல் வந்த பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ படத்தில் கமல்ஹாசன் ஏற்ற பாத்திரத்தை ஊரே சப்பாணி என்று கூப்பிடும். அவனுக்குக் கோபாலகிருஷ்ணன் என்று ஒரு பெயர் இருப்பது யாருக்கும் தேவைப்படவில்லை. இனி அப்படிக் கூப்பிடுகிறவனை அறைந்துவிடு என்று கதாநாயகி மயில் சொல்லிக் கொடுக்கிறாள். ஒரு வசைச்சொல்லுக்கும் ஒரு மனிதனின் பெயருக்கும் நடுவில் நடக்கும் போராட்டத்தை அவ்வளவு எளிமையாகத் திரையில் காட்டியதால்தான் அது தமிழர் மனத்தில் தங்கியது என்பது என் எண்ணம். ஊனமுற்றோர் என்ற சொல்லை விலக்கி மாற்றுத்திறனாளிகள் என்ற சொல்லை அரசு வழக்கில் கொண்டுவந்தவர் மு. கருணாநிதி. சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. கூப்பிடப்படுகிறவரிடம் கேட்டால் விடை கிடைக்கும்.

பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தில் வரும் ஜடபரதரின் கதையை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். சற்று முன் பார்த்த ‘ஜட’ என்ற சொல்தான் அவர் பெயரிலேயே இருக்கிறது. ஊரார் அவரை மந்தபுத்தி என்று ஒதுக்கினார்கள், அவரும் மறுக்கவில்லை. ரகூகணன் என்ற அரசனின் பல்லக்குக்கு ஆள் குறைந்தபோது, உடற்கட்டைப் பார்த்து அவரைப் பிடித்துப் போய்த் தோள்கொடுக்க வைத்தார்கள். பல்லக்கு குலுங்குகிறது. மற்றவர்களின் அடியோடு அவருடைய அடி சேரவில்லை. அரசன் குத்தலாகப் பேசி, பிறகு மிரட்டவும் செய்கிறான். தரையில் ஊரும் எறும்புகள்மேல் கால் படாமல் பார்த்துப் பார்த்து அடி வைத்ததால்தான் அந்த நடை ஒழுங்கு தப்பியது. பல்லக்குக்குள் இருந்தவனுக்கு அது தெரிய வழியில்லை. அவருடைய விடையைக் கேட்டதும் அரசன் இறங்கி வந்து காலில் விழுந்தான் என்று கதை போகிறது. ஒருவருடைய அசைவு நமக்குத் தாறுமாறாகத் தெரியும்போது, அவர் எதைப் பார்த்து நடக்கிறார் என்று கேட்ட கதை நம் மரபில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

சபையில் விழிப்பதற்கும் நம்மிடம் வளமான சொற்கள் இருக்கின்றன. திருதிருவென்று விழித்தான், மலங்க மலங்க விழித்தான், பேந்தப் பேந்த விழித்தான், அசடு வழிந்தான். பத்திரிகைக் கதைகளில் ராஜேந்திரகுமார் இவற்றுக்கெல்லாம் பதிலாக ‘ஙே’ என்று விழிக்க வைத்தார். சொல்லே இல்லாத ஓர் எழுத்து. வாய் திறந்திருக்கிறது, சொல் வரவில்லை. அந்த நிலைக்கு அதைவிடப் பொருத்தமான எழுத்து நம் நெடுங்கணக்கில் கிடையாது. இந்த வழக்குகளில் எதற்கும் ‘அன்’ விகுதி இல்லை என்பதும் என் மனத்துக்கு நிறைவு தருகிறது. விழித்தவன் அடுத்த நொடியில் வேறு ஆளாக இருக்க முடிகிறது.

நிறைவாக வெகுளி. தொல்காப்பியத்தில் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்று வெகுளி, அதாவது சினம். திருக்குறளின் 31ஆவது அதிகாரம் வெகுளாமை, சினம் கொள்ளாதிருத்தல். அந்தச் சொல் இன்று சூதுவாது அறியாதவரைக் குறிக்கிறது. எப்படி நடந்தது இந்த மாற்றம்? உள்ளே இருப்பதை மறைக்கத் தெரியாமல் முகத்தில் காட்டிவிடுகிறவரிடம் முதலில் மக்கள் கண்டது சினத்தை, பிறகு கண்டது மறைக்கத் தெரியாத மனத்தை என்று நான் கருதுகிறேன். சினம் உதிர்ந்து, மறைக்கத் தெரியாமை மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் அறிவிலி என்று பொருள்பட்ட ‘நைஸ்’ இன்று இனிமையானதாக ஏறியிருக்கிறது. அருள் பெற்றவன் என்று பொருள்பட்ட ‘ஸில்லி’ அசடாக இறங்கியிருக்கிறது. சம்பந்தம் பேசும் வீட்டில் இன்று ‘பையன் வெகுளி’ என்று ஒருவர் சொன்னால் பெண்ணின் தாய் நிம்மதியாகத் தலையசைக்கிறாள். வள்ளுவர் காலத்துத் தாயாக இருந்தால் அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து போயிருப்பாள்.